மிச்சக் காசில் வாங்கும் ட்ரெயிலர்

செட்டிபாளையம் என்ற பெயரைக் கேட்டதும் மோட்டார் பந்தய ரசிகர்களின் நினைவுக்கு வருவது எங்களூர் அல்ல. தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்கு அருகே இதே பெயரில் ஓர் ஊர் இருக்கின்றது. பந்தயக் கார் வடிவமைப்பாளரான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்னும் பந்தயத் தடம் 2003ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்களது செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் ஊரை ஊடறுத்துச் செல்லும் கல்முனை வீதிதான்.

ஆயினும் பந்தயக் கார் குறித்து எழுத வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எங்களூர்க் குடும்பமொன்றின் மகன், பழைய கார் ஒன்றினை வாங்கிப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மாற்றி வருகின்றார். அதனைத் தடத்துக்குக் கொண்டு செல்லத் திறந்த ட்ரெயிலர் ஒன்று தேவைப்படுகின்றது. "மாமா, காருக்கு நிறையச் செலவாகிப் போட்டுது. மிச்சக் காசுக்கு ஒரு பழைய ட்ரெயிலர் எடுத்தால் காணும்தானே?" என்று தொலைபேசியில் கேட்டார். காணாது என்பதே எனது கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகின்றேன்.

நான் மோட்டார் பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் பத்திரிகையாளனாகப் பணியாற்றிய காலத்தில் வீதி விபத்துச் செய்திகளைக் கணக்கின்றி எழுதியிருக்கின்றேன். 'உழவு இயந்திரப் பெட்டியுடன் மோட்டார் சைக்கிள் மோதி இளைஞர் பலி' என்பது கிழக்கு மாகாணச் செய்தியாளர்களுக்கு மனப்பாடமான தலைப்பு. நாங்கள் இங்கே பெட்டி என்பதும் அவர்கள் அங்கே ட்ரெயிலர் என்பதும் அடிப்படையில் ஒன்றுதான். தனக்கென இயந்திரமும் சாரதியும் இல்லாமல் பின்னால் இழுபட்டுச் செல்லும் வண்டி. இழுபடுவதுதானே என்ற அலட்சியமும் இரண்டு இடங்களிலும் ஒன்றாகவே இருக்கின்றது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகியதில் 7 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பந்தயத் தடங்களின் பாதுகாப்புக் குறித்துப் பலரும் பேசினார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் அதே கார் தடத்துக்கு வந்து சேரும் வழியைப் பற்றி யார் பேசுகின்றார்கள்? தடத்திலே தலைக்கவசம் அணிந்த சாரதி இருக்கின்றார். கொடி காட்டுவோரும் அம்புலன்ஸ் வண்டியும் இருக்கின்றனர். பொது வீதியில், ட்ரெயிலருக்குப் பின்னால் வரும் குடும்பத்தினருக்குத் தங்கள் முன்னே செல்லும் சுமை எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்பதுகூடத் தெரியாது. ஆகவே பந்தயக்காரரின் முதற் கடமை தடத்தில் அல்ல, வீதியிலேயே தொடங்குகின்றது.

ட்ரெயிலரைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, எடையை. கார் 1,100 கிலோகிராம், இரண்டு அச்சுள்ள இரும்பு ட்ரெயிலர் 700 கிலோகிராம், மேலதிக டயர்களும் ஜாக்கும் கருவிகளும் 200 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 கிலோகிராம் ஆகிவிடுகின்றது. இழுக்கும் வாகனத்தின் கையேட்டில் இதற்கு மேற்பட்ட இழுவைத் திறன் குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும். மூடிய ட்ரெயிலர் மழையில் இருந்தும் கல்லில் இருந்தும் காரைக் காப்பாற்றும். ஆனால் அதன் எடை அதிகம், பக்கக் காற்றிலும் அது தள்ளப்படும். திறந்த ட்ரெயிலர் இலேசானது, விலை குறைந்தது. பட்டி தளர்ந்தால் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். முதன்முறை வாங்குபவருக்குத் திறந்ததே பொருத்தமானது.

பிறேக் விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோகிராமை எட்டும் ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். பிரித்தானியாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்டாலே கட்டாயம். ட்ரெயிலர் கழன்று போனால் தானாகவே பிறேக் பிடிக்கச் செய்யும் கம்பியும், கொழுக்கியோடு சேர்த்துப் பூட்டும் பாதுகாப்புச் சங்கிலிகளும் அலங்காரப் பொருட்கள் அல்ல.

அடுத்தது, எடை எங்கே அமர்கின்றது என்பது. மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வரை இழுக்கும் வாகனத்தின் கொழுக்கியின் மீது அழுந்த வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கு. ஐரோப்பியக் கார்களுக்கு இந்த அளவு குறைவு. தயாரிப்பாளர் குறிப்பிடும் எல்லையைப் பார்க்க வேண்டும். எடை பின்பக்கம் சாய்ந்தால் ட்ரெயிலர் பாம்பு போல் ஆடத் தொடங்கும். அப்போது சாரதி செய்ய வேண்டியது வேகமிதியில் இருந்து காலை மெல்ல எடுப்பது. சுக்கானைத் திருப்பித் திருப்பிப் போராடுவது ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். இயந்திரம் முன்னால் உள்ள காரை முன்முகமாகவும் பின்னால் உள்ள காரைப் பின்முகமாகவும் ஏற்றுவது பொதுவான வழக்கம். சரியான இடத்தை ஒருமுறை அளந்து கண்டுபிடித்ததும், தளத்தில் வர்ணத்தால் ஒரு கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஊகிக்கத் தேவையில்லை.

பந்தயக் கார்கள் தரையோடு தாழ்ந்தவை. குட்டையான ஏறுபலகையில் ஏற்றினால் முன்பகுதி இடிபடும். எனவே நீளமான, சரிவு குறைந்த பலகை தேவை. சக்கரக் காப்பு உயர்ந்திருந்தால் காரின் கதவைத் திறந்து வெளியே வர இயலாது. வாங்குவதற்கு முன் தமது காரையே ஏற்றிப் பார்ப்பது நல்லது. வின்ச் ஒன்றையும் பொருத்த வேண்டும். காலையில் தானாக ஏறிப் போகும் கார், மாலையில் இயந்திரம் இறந்தோ சக்கரம் வளைந்தோ திரும்பி வருவது பந்தயத்தில் வழமையானது. களைத்துப்போன நான்கு பேர் இருட்டில் அதனைத் தள்ளி ஏற்றுவதில்தான் கைகால்கள் நசுங்குகின்றன.

காரைக் கட்டுவதற்கு நான்கு மூலைக்கும் நான்கு தனித்தனிப் பட்டிகள் வேண்டும். பட்டி அறுந்துபோகும் எடையையும் வேலைக்குரிய எடையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது முன்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். பட்டியின் மறுமுனை பலகையில் அல்ல, இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட வேண்டும். புறப்பட்டு 20, 30 கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி, பட்டிகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய ட்ரெயிலர் என்றால் டயரின் பூவைப் பார்த்து ஏமாறலாகாது. வருடத்தில் சில நாட்களே ஓடும் டயர் தேய்வதில்லை. வெயிலில் கிடந்து வெடித்துப் பழுதாகின்றது. பக்கவாட்டில் பொறித்துள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். பெயாரிங்கும் விளக்குகளும் அவ்வாறே கவனிக்கப்பட வேண்டியவை.

இவை எல்லாவற்றுக்கும் பணம் தேவை என்பது உண்மை. அப்படியானால் குறைக்க வேண்டிய இடம் கார்தான். இயந்திரத்தின் வலுவைக் கூட்டும் வேலையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடலாம். அதனால் பந்தயத்தில் சில விநாடிகள் பிந்தலாம், அவ்வளவே.

கனடாவுக்குச் சொல்லும் இந்த நியாயம் எங்களூருக்கும் பொருந்தும். அறுவடைக் காலத்தில் படுவான்கரையில் இருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு நெல் மூடைகளுடன் வரும் பெட்டிகளை இருட்டிய பின்னர் பாருங்கள். பின் விளக்கு எரியாத பெட்டிகள் எத்தனை! ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டியேனும் ஒட்டாதவை எத்தனை! ஒரு மூடை நெல்லின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டியின் விலை அற்பமானது. கமக்கார அமைப்புகள் ஒவ்வொரு பெரும்போக அறுவடைக்கு முன்பும் தமது அங்கத்தவர்களின் பெட்டிகளை ஒருநாள் ஓரிடத்தில் நிறுத்தி, விளக்கையும் கொழுக்கி ஆணியையும் பரிசோதித்துப் பட்டி ஒட்டிக் கொடுக்கலாம். பொலிஸார் வழியில் மறித்துத் தண்டம் எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது ஒரு பகற்பொழுதில் முடியும் வேலை.