விழுந்தவனுக்கு இன்னொரு தடவை



2024 அக்டோபர் 11 சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பின விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டரை மணி நேரம் வானத்திலேயே சுத்துச்சு. 141 பயணிகள். காட்டூர்ல நாங்க டிவியையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தோம். ராத்திரி எட்டேகால் வாக்கில் பத்திரமா இறங்கினதும்தான் மூச்சு வந்தது. விமானிகளை ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனா அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. விழாம இறக்கினவரைக் கொண்டாடுற நாம, ஒரு தடவை விழுந்தவனை என்ன செய்யறோம்?

எங்க அண்ணன் மகனைச் சொல்றேன். அவன் ஓட்டினது டிராக்டர். மூணு வருஷத்துக்கு முன்னாடி, முதல் தடவையா தனியா உழவு ஓட்டினான். வரப்பு ஏறும்போது பின் சக்கரம் வழுக்கி வண்டி வாய்க்காலில் சாய்ஞ்சிடுச்சு. குதிச்சதால உயிர் தப்பினான், தோள்பட்டை எலும்பு முறிஞ்சது. வண்டியைத் தூக்க வந்த ஆளுங்க முன்னாடியே நான் சொன்னேன்: "உனக்கும் வண்டிக்கும் ஆகாதுடா. இனிமே சாவியைத் தொடாதே." அவன் தொடவே இல்லை. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில் இருக்கான்.

இந்த உறுத்தலோட இருந்தப்பதான் இந்திர லால் ராய் பத்திப் படிச்சேன். 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படிச்சுக்கிட்டு இருந்தப்ப முதல் உலகப்போர். விமானப்படைக்கு விண்ணப்பிச்சார். கண் பார்வை சரியில்லைன்னு தள்ளிட்டாங்க. தன் மோட்டார் சைக்கிளை வித்து, அந்தக் காசில் பெரிய கண் டாக்டர்கிட்ட மறுபடி சோதிச்சு உள்ளே நுழைஞ்சார்னு சொல்வாங்க. 1917 ஏப்ரலில் சேர்ந்து, அக்டோபர் கடைசியில் பிரான்ஸில் 56-வது படைப்பிரிவுக்குப் போனார்.

டிசம்பர் 6-ம் தேதி அவர் ஓட்டின எஸ்.இ.5ஏ விமானம் தரையில் மோதி நொறுங்கியது. பத்தொன்பது வயசு முடிஞ்சு நாலே நாள். செத்துட்டார்னு பிணவறையில் போட்டுட்டாங்க, முழிச்சுக்கிட்டு கதவைத் தட்டினார்னு ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, விபத்தும் காயமும் நிஜம். படுத்திருந்த நாட்களில் விமானங்களைப் படமா வரைஞ்சார். பறக்கத் தகுதியில்லைன்னு மருத்துவர்கள் எழுதினதையும் போராடி மாத்த வச்சார்.

இங்கேதான் நான் நின்னுட்டேன். அவரை அப்படியே போர்முனைக்குத் திருப்பி அனுப்பலை. இங்கிலாந்தில் மறுபடி பயிற்சி கொடுத்தாங்க. 1918 ஜூனில் 40-வது படைப்பிரிவில் ஜார்ஜ் மெக்கல்ராய் என்ற கைதேர்ந்த விமானிக்குக் கீழ சேர்த்தாங்க. ஜூலை 6-லிருந்து 19 வரைக்கும் பத்து வெற்றி, அதில் ரெண்டு மத்தவங்களோட சேர்ந்து. ஜூலை 22-ல் ஜெர்மன் விமானங்களோட நடந்த சண்டையில் இறந்துட்டார். டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் பதக்கம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். ஆனா செப்டம்பரில் அதை அறிவிச்சப்ப அவர் இல்லை. பிரான்ஸில் எஸ்தவெல் கிராமத்தில் இருக்கிற அவர் கல்லறையில் வங்காள எழுத்தும் இருக்கு. 1998-ல் நம்ம அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

"அந்த டாக்டர் சீட்டை அப்படியே விட்டிருந்தா பையன் பிழைச்சிருப்பானே?" என் வீட்டுக்காரி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. அடுத்தவன் சாம்ராஜ்யத்துக்காக நடந்த சண்டை அது. பத்தொன்பது வயசுப் பிள்ளையைத் தின்ன போரை நான் புகழலை. போர் எடுத்துக்கிட்டது வேற, பயிற்சி கொடுத்தது வேற. விழுந்தவனுக்கு முதல்ல காயம் ஆறணும். அப்புறம் திரும்பச் சொல்லித்தரணும். அப்புறம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணும். இந்த மூணும் இல்லாம "போய் ஓட்டு"ன்னு தள்ளுறதும் தப்பு, "தொடாதே"ன்னு சாவியைப் பிடுங்குறதும் தப்பு.

இது விவசாயிக்குப் புதுசில்லை. காத்துல நெல் சாய்ஞ்சா நாலு தூரைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துறோம். வாழைக்குத் தார் தள்ளினா முட்டுக் கொடுக்கறோம். பயிருக்குச் செய்யறதைப் பிள்ளைக்குச் செய்ய மறந்துடறோம். பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு டிராக்டர் இல்லாம இருக்கலாம். நீட்டில் தவறின பிள்ளை இருக்கும், முதல் வேலையில் சொதப்பின தம்பி இருப்பான்.

ராய் ஓட்டினது ஒத்தை ஆள் விமானம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர இடமே கிடையாது. எனக்கு வரப்பு பூரா இடம் இருந்தது, கூடவே நடந்திருக்கலாம். நான் டீ குடிக்கப் போயிட்டேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

நேத்து அவனுக்குப் போன் போட்டேன். "பொங்கலுக்கு வரும்போது ரெண்டு நாள் லீவு சேர்த்துப் போடு. பின் வயல் உழணும், நான் கூடவே இருக்கேன்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கிளட்ச்சை மாத்திட்டீங்களா சித்தப்பா?"ன்னு கேட்டான்.