தப்பு விடையா, தப்புக் கேள்வியா?

 

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். உங்களில் சிலர் வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை கொடுக்கிறீர்கள். சிலர் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்கிறீர்கள். இரண்டு பேரும் படியுங்கள்.

என் அண்ணன் மகன் நியூஜெர்சியில் வருமான வரிக் கணக்கு போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறான். மெயில் பார்க்க, அப்பாயின்ட்மென்ட் குறிக்க, ஆன்லைனில் உதவ ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேண்டும் என்றான். "ஊர்ல நல்ல பொண்ணா இருந்தா சொல்லுங்க அத்தை." எர்ணாவூரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியைச் சொன்னேன். பி.காம். படித்தவள். கைக்குழந்தையை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாமல் இருந்தாள். மூன்றே வாரத்தில் அவனிடமிருந்து போன். "அத்தை, நீங்க சொன்ன பொண்ணு சரிப்படல. நிறுத்திட்டேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் விசாரித்தேன். அவன் அனுப்பிய மெசேஜைக் காட்டினாள். கிளையன்ட்டின் பெயர், அடுத்து '04/05 காலை 10 மணி, ரிமைண்டர் அனுப்பவும்'. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவன் சொன்னது ஏப்ரல் 5. நாம் தேதியை முதலில் எழுதுகிறவர்கள். அவள் மே 4 என்று ரிமைண்டர் அனுப்பிவிட்டாள். அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. மே மாதம் வா என்றால் அந்தக் கிளையன்ட்டுக்குக் கோபம் வராதா? வேறு ஆளிடம் போய்விட்டார்.

முப்பது வருஷம் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். ஒரு பிள்ளை தப்பாகப் போட்டால் பிள்ளையின் தப்பு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தப்பாகப் போட்டால், சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்ட கேள்வியைத்தான் திரும்பப் படிப்பேன். இந்த '04/05'-ஐ நம் ஊரில் நூறு பேரிடம் காட்டினால் எத்தனை பேர் ஏப்ரல் என்பார்கள்? அப்படியானால் இது தப்பு விடையா, தப்புக் கேள்வியா?

இன்னொன்றும் கவனியுங்கள். 'ஏப்ரல் 15 கடைசி நாள், அதற்குள் எல்லோரையும் பார்த்தாக வேண்டும்' என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால், மே 4 என்று எழுதும்போதே அவள் கை நின்றிருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எதற்காக என்று சொல்லாமல் விட்டால், தப்பு நடக்கும்போது அவர்களுக்கே தெரியாது.

அவளிடமும் கேட்டேன். "உனக்குச் சந்தேகமே வரலையாம்மா?" "வந்துச்சு டீச்சர். கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நினைச்சுடுவாரோன்னு பயந்துட்டேன்." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து சந்தேகம் கேட்ட பிள்ளைகளை "இதுகூடத் தெரியாதா, உட்கார்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அப்படி உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை. நம் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்து போனார். ஆனாலும் பதில் எழுதும்போது நிரூபணம் எங்கே என்று கேட்டார். அவ்வளவு பெரிய பேராசிரியரே கேட்டார். அந்தப் போக்குவரத்து கப்பல் தபாலில் நடந்தது, ஒரு கேள்விக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். நமக்கு ஒரு நிமிஷம்.

நம் துறைமுகத்துக்குள் கப்பல் எப்படி வருகிறது தெரியுமா? பைலட் ஏறி, சுக்கானை இத்தனை டிகிரி திருப்பு என்பார். சுக்கான் பிடிப்பவர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். திருப்பி முடித்ததும் இன்னொரு முறை சொல்வார். இருவரும் நிற்பது ஒரே அறையில்! அவர்களுக்கே அது வேண்டும் என்றால், பாதி பூமி தள்ளி இருப்பவர்களுக்கு வேண்டாமா?

வேலை கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். எந்த ஊர் மணி என்று சொல்லுங்கள். ஏப்ரலில் உங்கள் காலை 10 மணி எங்களுக்கு இரவு ஏழரை. காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். புயல், வெள்ளத்தில் நெட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நிறுத்துவதென்றாலும் செய்த நாட்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

வேலை செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். புரிந்ததைத் திருப்பி எழுதி அனுப்புங்கள். 'ஏப்ரல் 5, உங்கள் நேரம் காலை 10, சரிதானே சார்?' என்று ஒரு வரி போதும்.

இதை அண்ணன் மகனிடம் படித்துக் காட்டி, அவன் சம்மதத்தோடுதான் போடுகிறேன். முதலில் வாதாடினான், பிறகு பேசாமல் இருந்தான். மறுநாள் அவனே அவளை அழைத்து, பாக்கிச் சம்பளத்தையும் அனுப்பி, திரும்ப வரச் சொன்னானாம். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாளாம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அவளும் யோசிக்கட்டுமே.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்