ஓடில்லாத டாக்கோ

மக்காச்சோளச் சிப்ஸுக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது பிளேனோ. டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறது. ஃப்ரிட்டோஸ், டொரிட்டோஸ், டோஸ்டிட்டோஸ் என்று மொறுமொறுவென்று எதைக் கொறித்தாலும் அதன் முதலாளியான ஃப்ரிட்டோ-லே நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அந்த ஊர்ப் பக்கம் குடியிருந்துகொண்டு, ராத்திரிக்கு என்ன என்று கேட்டால் ‘லோ கார்ப் டாக்கோ சாலட்’ என்று சொல்வது உள்ளூர்க்காரர்களுக்குச் செய்யும் துரோகம்தான். இருந்தாலும் எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடக்கிறது.

டாக்கோ சாலட் என்றால் சாலட் என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஒரு பெரிய கோதுமை டார்ட்டியாவைக் கிண்ணம் போல வளைத்து எண்ணெயில் பொரிப்பார்கள். அதற்குள் லெட்டூஸ், மசாலா போட்டு வதக்கிய கொத்துக்கறி, மஞ்சள் செடார் சீஸ், தக்காளி, பீன்ஸ், சார் கிரீம், குவாக்கமோலே எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். சில வீடுகளில் கிண்ணத்துக்குப் பதில் ஒரு பாக்கெட் டொரிட்டோஸை நொறுக்கிக் கலந்துவிடுவார்கள். மெக்சிகோவில் யாரும் இதைத் தங்கள் பண்டம் என்று சொந்தம் கொண்டாடுவதில்லை. இது டெக்ஸ்-மெக்ஸ், எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை.

இதன் வம்சத்தைத் தேடிப் போனால் சார்லஸ் எல்மர் டூலின் என்பவரிடம் போய் நிற்கும். 1932-இல், பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தபோது, சான் அன்டோனியோவில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். குஸ்தாவோ ஒல்கின் என்ற மெக்சிகோக்காரரிடமிருந்து சோளமாவுச் சிப்ஸின் செய்முறையையும் அதைப் பிழியும் கருவியையும் 100 டாலருக்கு வாங்கினார். அப்படிப் பிறந்ததுதான் ஃப்ரிட்டோஸ். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கே ‘காசா டி ஃப்ரிட்டோஸ்’ என்று ஓர் உணவகமே வைத்தார்கள். சோள மாவைச் சின்னக் கிண்ணமாகப் பொரித்து, அதில் கறியும் சீஸும் போட்டு ‘டா-கப்’ என்று விற்றார்கள். இன்றைய டார்ட்டியா கிண்ணத்துக்கு அதுவே பெரியப்பா. இதில் வேடிக்கை, அந்த டூலின் இயற்கை உணவுப் பிரியர். இறைச்சியை அவ்வளவாகத் தொடமாட்டார், உப்பும் ஆகாது. தன் தொழிற்சாலைச் சிப்ஸையே உப்புத் தூவுவதற்கு முன்னால் எடுத்துச் சாப்பிடுவாராம். ஊருக்கெல்லாம் கொறிக்கக் கொடுத்த மனிதர், பாவம்.

எங்கள் வீட்டுக்கு லோ கார்ப் வந்த வழி சாதாரணமானது. கணவரின் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 5.9 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. பார்க்க ஒல்லியாகத்தான் இருப்பார். ஆனால் நம் ஆட்களுக்கு ஒல்லி என்பது ஜாமீன் இல்லை. ஆசிய வம்சாவளியினரில் மற்ற ஆபத்துக் காரணி இருப்பவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம், மற்றவர்களுக்கு அது 25. பேலியோ குழுக்கள் தமிழ் முகநூலை ஒரு கலக்குக் கலக்கிய காலத்தில் அவரும் தேங்காய், முட்டை, பாதாம் என்று இறங்கிப் பார்த்துவிட்டுக் கரையேறியவர்தான். எனக்கு அவ்வளவு தீவிரம் வேண்டாம். நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குள் இருந்தாலே பொதுவாக அதை லோ கார்ப் என்கிறார்கள். ஒரு கப் வெந்த வெள்ளைச் சோற்றில் 45 கிராம் இருக்கிறது. ராத்திரி சாம்பாருக்கு ஒரு கப், தயிருக்கு ஒரு கப் என்று போனால் அங்கேயே 90. எனவே பகல் சோற்றை விட்டுவைத்து ராத்திரிச் சோற்றில் கைவைத்தேன். (சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இப்படித் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

டாக்கோ சாலட்டில் மாவுச்சத்தைக் குறைப்பது சுலபம். பொரித்த டார்ட்டியா கிண்ணத்தை, அதாவது ஓட்டை, எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஓடு போனதும் மொறுமொறுப்பும் போய்விடுகிறது. மிஞ்சுவது வெதுவெதுப்பான கறி, நெகிழ்ந்த சீஸ், குழைந்த அவகாடோ, புளித்த கிரீம். எல்லாமே மெத்து மெத்து. இரண்டு வாய்க்கு மேல் அலுத்துப்போகும், அரை மணி நேரத்தில் எதையாவது கொறிக்கத் தோன்றும். லோ கார்ப்பைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் பசியால் கைவிடுவதில்லை, பல்லுக்கு வேலையில்லாமல் கைவிடுகிறார்கள் என்பது என் துணிபு.

இதற்குச் சந்தை வைத்திருக்கும் வைத்தியம் போலி ஓடு. பாதாம் மாவில் ஓடு, காலிஃப்ளவரைத் துருவிப் பிழிந்து ஓடு, சீஸை அவனில் உருக்கிக் கரண்டிக் காம்பின் மேல் கவிழ்த்து ஓடு. சீஸ் ஓடு தனியாகத் தின்ன நன்றாகவே இருக்கும். ஆனால் சீஸும் கிரீமும் கறியும் ஏற்கெனவே இருக்கும் தட்டில் இன்னொரு சீஸ் எதற்கு? காலிஃப்ளவர் ஓட்டைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. காலிஃப்ளவருக்கும் மானம் உண்டு.

டெக்சஸில் நல்ல டாக்கேரியா எதற்காவது போய்ப் பாருங்கள். டாக்கோவோடு ஒரு சின்னத் தட்டில் மெல்லியதாக வெட்டிய முள்ளங்கி, எலுமிச்சைத் துண்டு, வெங்காயம், கொத்தமல்லி வரும். மெக்சிகோவின் மீன் டாக்கோவில் லெட்டூஸ் கிடையாது, பச்சை முட்டைக்கோஸ்தான். பூசணி விதையை வறுத்துக் கொறிப்பதும், அரைத்துக் குழம்பாக்குவதும் அங்கே வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். மொறுமொறுப்புக்கு வேண்டிய எல்லாம் அந்தச் சமையலுக்குள்ளேயே கிடக்கிறது, ஓட்டைத் தவிரவும். 1972-இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று டயானா கென்னடியின் மெக்சிகச் சமையல் நூல். எல்லைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் சீஸைக் கொட்டிக் கொடுப்பதெல்லாம் மெக்சிகச் சமையலே இல்லை என்று வாதாடியது. மற்றது டாக்டர் அட்கின்ஸின் உணவுமுறை நூல், மாவுச்சத்தையே விரட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் இருந்திருந்தால் காலிஃப்ளவர் தப்பித்திருக்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி இல்லை, வான்கோழிக் கொத்துக்கறிதான். கொழுப்பு குறைவு என்பதால் சும்மா வதக்கினால் மரத்தூள் போல ஆகிவிடும். ஒரு பவுண்டு கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு கறியைப் பரப்பிவிட்டு, கிளறாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம்மால் முடியாத காரியம் அது. அடிப்பக்கம் பழுப்பேறி, வாசனை வந்த பிறகுதான் உடைத்துவிட வேண்டும். அப்புறம் ஒரு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, உலர்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, உப்பு.

மிளகாய்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கச் செய்முறைகளில் ‘சில்லி பவுடர்’ இரண்டு மேசைக்கரண்டி என்று இருக்கும். அது நம் மிளகாய்த்தூள் இல்லை. 1890-களில் டெக்சஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய வகை அது. மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் சேர்ந்த கலவை, காரமும் கம்மி. ஊரிலிருந்து வந்த குண்டு மிளகாய்த் தூளை அந்த அளவில் போட்டால் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். நான் ஆன்ச்சோ மிளகாய்த் தூள் ஒரு மேசைக்கரண்டியும், நம்முடையதில் அரைத் தேக்கரண்டியும் போடுகிறேன்.

கடையில் கிடைக்கும் டாக்கோ மசாலா பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சோள மாவோ மால்டோடெக்ஸ்ட்ரினோ சர்க்கரையோ அநேகமாக இருக்கும். சாறு கெட்டியாகிக் கறியைப் பூசிக்கொள்வதற்காகப் போடுவது. ஐந்து நிமிடம் கூடுதலாக வற்றவிட்டால் அது தேவையே இல்லை. துருவி விற்கும் சீஸும் அப்படித்தான், ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவு தூவியிருப்பார்கள். அளவு சொற்பம், அதற்காக யாரும் பதற வேண்டாம். ஆனால் கட்டியாக வாங்கித் துருவிய சீஸுக்கு ருசியே வேறு.

கடைசியாக, மஞ்சள்தூள் டப்பாவைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கறியைக் கண்டால் கை தானாக அங்கே போகும். மஞ்சள், மல்லித்தூள், இஞ்சி விழுது, கறிவேப்பிலை இந்த நான்கில் எது விழுந்தாலும் அது கொத்துக்கறி வறுவல். அருமையான பண்டம், ஆனால் அதற்கு லெட்டூஸ் துணையில்லை.

லெட்டூஸ் என்றதும் ரொமெய்ன், கேல் என்று சத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு தட்டுக்கு நான் ஐஸ்பெர்க் கட்சி. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து ரயிலேற்றி நாடு முழுக்க அனுப்பிய இலை. பெரும்பகுதி தண்ணீர்தான், சத்தும் கம்மிதான். ஆனால் சூடான கறி மேலே விழும்போது அதைப் போலச் சில்லென்று நறுக்கென்று தாங்கி நிற்க வேறு கீரைக்கு வராது. கழுவியதும் ஈரம் சுத்தமாகப் போக வேண்டும். என்னிடம் சுழற்றி உலர்த்தும் பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. ஆனாலும் பழைய வேட்டித் துண்டில் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நன்றாகக் காய்கிறது. பாதி லெட்டூஸ், கால்வாசி மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், கை நிறைய முள்ளங்கி வில்லைகள் என்பது என் கணக்கு.

தக்காளிக்கு அம்மா ஒரு வழி சொன்னாள். மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது இந்தக் கூத்தையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், “விதையை வழிச்சுட்டு உப்பைப் பிசறி வடிய விடுடி. தயிர்ப்பச்சடிக்கு வெள்ளரிக்காயை என்ன செய்வ, அதே கதைதான்” என்றாள். சரியான யோசனை. சாலட்டைக் கொல்வது தண்ணீர், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் தக்காளியிலிருந்துதான் வருகிறது. வடிந்த சாற்றை அம்மா வீணாக்கவில்லை, மறுநாள் ரசத்தில் இருந்தது. வடித்த தக்காளியில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் பிகோ தெ காயோ. அவகாடோவைக் கரகரப்பாக மசித்து உப்பும் எலுமிச்சையும் போட்டால் போதும். சாப்பிட உட்காரும்போது மசிப்பது நல்லது, கறுக்காது. சார் கிரீம் பிடிக்காதவர்கள் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பீன்ஸில் மாவுச்சத்து உண்டு. அரைக் கப் வெந்த கறுப்பு பீன்ஸில் 20 கிராம், அதில் ஏழு கிராமுக்கு மேல் நார்ச்சத்து. லோ கார்ப்காரர்கள் சிலர் அதைக் கண்டாலே ஓடுகிறார்கள். தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி போடுவதில் எந்த வானமும் இடிந்து விழாது.

இன்னொன்றும் நான் போடுவதுண்டு, இதைக் கேட்டால் தீவிரவாதிகள் முறைப்பார்கள். ஆறு அங்குலச் சோள டார்ட்டியா ஒன்றில் மாவுச்சத்து 11 கிராம் போல இருக்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளத்தின் அந்த மணத்துக்கு ஈடே கிடையாது. அதில் ஒன்றை எடுத்து மெல்லிய நாடாக்களாக வெட்டி, எண்ணெய் தடவி அவனில் மொறுமொறுவென்று ஆகும்வரை வைத்து, இரண்டு தட்டில் பகிர்ந்து தூவிவிடுகிறேன், கூடவே வறுத்த பூசணி விதை. ஆளுக்கு ஐந்தரைக் கிராம். காலிஃப்ளவரைப் பிழிந்து கைவலிப்பதைவிட இது எவ்வளவோ மேல். லெட்டூஸ், தக்காளி, பாதி அவகாடோ, பீன்ஸ், கிரீம் எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் முழுத் தட்டுக்கு 30 கிராமைச் சுற்றித்தான் வருகிறது, அதில் மூன்றிலொரு பங்கு நார்ச்சத்து.

அடுக்கும்போது கீழே இலை, மேலே முள்ளங்கி, அதன் மேல் கறி, கறி சூடாக இருக்கும்போதே சீஸ். மற்றதெல்லாம் ஓரமாக. எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். அவரவர் தட்டில் அவரவர் கலந்துகொள்ளட்டும்.

எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது, கூடைப்பந்து ஆடுகிறாள். அவளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவள் தட்டு மேல் ஒரு கை டொரிட்டோஸ் நொறுங்கும், அவள் அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதது போல முள்ளங்கியைக் கடிப்பார். கறியை மட்டும் எப்போதும் இரண்டு மடங்கு செய்வேன். காலையில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி அதே சட்டியில் கிளறினால் அவருக்கு ஆயிற்று. எனக்கு, தோசைக்கு நடுவில்.