தேடலுக்கும் அகழ்வுக்கும் நடுவே

பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலைக்குத் தங்கமோ டங்ஸ்டனோ தேடி எவரும் வரவில்லை. நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய விரும்பிய அறிவியலாளர்கள் வந்தார்கள். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான பாறை மேலே கவிந்திருக்க, அதன் முடிவில் ஒரு பெருங்குகை. குகைக்குள் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்ச் செலவில் ஒப்புதல் தந்த திட்டம் இது. அப்பகுதி உழவர்கள் இதை எதிர்த்து நின்ற ஆண்டுகள் முழுவதும் அடிப்படைக் கேள்வி ஒன்று தீராமலே கிடந்தது. சட்டத்தின் கண்ணில் இந்தப் பணி எது? ஆய்வா, கட்டுமானமா, சுரங்கமா? யார் அனுமதி தருவது, எவ்வளவு ஆழ்ந்து மதிப்பிடுவது என்பனவெல்லாம் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

2011இல் வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், கடுமையான பிரிவின் கீழ் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்றது. மறுபடி விண்ணப்பம் வந்தபோது, ஏறத்தாழ 6 லட்சம் கன மீட்டர் சார்னோகைட் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையைக் கட்டடப் பணியாகக் கொள்ள மாநில வல்லுநர் குழு உடன்படவில்லை. ஆயினும் 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாகக் கருதி, அடுக்குமாடிகளும் அலுவலக வளாகங்களும் அனுமதி பெறுகிற அதே இனத்தில் இசைவளித்தது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதில் தலையிட மறுத்து, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலின்றிப் பணி தொடங்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. அப்பகுதி புலிகளின் வழித்தடம் என்று கூறி, 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசும் அங்கே திட்டத்தை எதிர்த்தது.

சுரங்கமாக ஏன் கொள்ளவில்லை? சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், 1957, கனிமத்தை வெளிக்கொணரும் நோக்கில் செய்யப்படுவதையே சுரங்கப் பணி என்கிறது. கனிமப் படிவுகளைத் தேடவும் இடமறியவும் மெய்ப்பிக்கவும் செய்யப்படுவது வளங்காண் பணி. இரண்டிலும் அளவுகோல் நோக்கமே. வெடியின் வலிமையும் குழியின் ஆழமும் ஊற்றுநீரின் போக்கும் அந்த வரையறைகளுக்குள் வருவதில்லை. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் இரு தரப்பினருக்கு இது போதும். தேடுபவர்க்கு எந்த உரிமை, எடுப்பவர் அரசுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கையெழுத்திடாத மூன்றாமவர்க்கு, மலையடியில் கிணற்றை நம்பிப் பயிர் செய்பவர்க்கு, அதனால் எந்தக் காப்பும் இல்லை.

நியூட்ரினோ எவரையும் தீண்டாமல் நம் உடலினூடே ஓயாமல் பாய்ந்துகொண்டிருப்பது. அச்சம் துகளைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களை இந்திய அறிவியலாளர்களும் அயல்நாட்டவரும் சேர்ந்து கண்டறிந்தது உலக அறிவியலின் பெருமிதங்களுள் ஒன்று. அந்தக் குழிகளைத் தங்கத்துக்காக ஏற்கெனவே தோண்டியிருந்தார்கள். தோண்டியவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். அறிவியல் அங்கே புதிய சுமை எதையும் மண்மீது ஏற்றவில்லை. பொட்டிப்புரத்தில் அது புதிய குழி கேட்டது. கேட்பதில் தவறில்லை. குழியைக் குழி என்று பதிவு செய்யாமல் கட்டடம் என்று பதிவு செய்ததே தவறு.

இது ஒரு மலையோடு முடிந்திருந்தால் இத்துணைக் கவலை வேண்டியதில்லை. கனிமத் துறையிலும் எரிபொருள் துறையிலும் தேடல் என்பதன் எல்லை ஆண்டுதோறும் அகன்று வருகிறது. முன்னோட்ட ஆய்வில் குழி தோண்டுதலும் துளையிடுதலும் நிலத்தடி அகழ்வும் கூடாது என்றிருந்த தடையை அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அதே திருத்தம் 29 கனிமங்களுக்கென ஆய்வு உரிமம் என்ற புதிய உரிமத்தைப் படைத்தது. ஓர் உரிமம் 1,000 சதுர கிலோமீட்டர் வரை பரவலாம். எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டியதில்லை என 2020 ஜனவரியில் அறிவிக்கை வெளியாயிற்று. எண்ணெய் வயல்கள் சட்டத்தின் 2025ஆம் ஆண்டுத் திருத்தமோ தேடலையும் உற்பத்தியையும் ஒரே பெட்ரோலியக் குத்தகைக்குள் அடக்கிவிட்டது.

இதன் பொருளை மேலூர் மக்கள் விரைந்து உணர்ந்தார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் 2,015 ஹெக்டேருக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தபோது, தரப்படவிருந்தது தேடுவதற்கான உரிமை மட்டுமே என்று சிலர் ஆறுதல் கூறினர். ஏலம் போனது கூட்டு உரிமம். தேடியவர் போதிய கனிமம் இருப்பதை மெய்ப்பித்தால், சுரங்கக் குத்தகையும் அவருக்கே. அரிட்டாபட்டியும் சுற்றூர்களும் திரண்டன. சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. முதல் துளை விழுமுன்னரே அவர்கள் எழுந்ததால் அது கைகூடிற்று. துளை விழுந்து, பணம் செலவாகி, படிவு மெய்ப்பிக்கப்பட்ட பிறகு மறுப்பது எந்த அரசுக்கும் கடினம். செலவிட்டவரின் எதிர்பார்ப்பு அதற்குள் வழக்காடத்தக்க உரிமையாக வளர்ந்துவிடும்.

ஆகவே தேடல் உரிமம் தானாகச் சுரங்க உரிமமாக மாறும் ஏற்பாடு கைவிடப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையே கிராம சபையின் கருத்தையும் முழுமையான தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில், நோக்கம் எதுவாயினும், பெயர்க்கப்படும் பாறையின் கன அளவையும் ஆழத்தையும் வெடிப் பயன்பாட்டையும் கொண்டு தீர்மானிக்கப்படும் தனி இனம் ஒன்று சேர்க்கப்பட வேண்டும். இறுதியாகக் கூறிய மாற்றத்துக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதுகூட இல்லை. எண்ணெய்த் தேடலுக்கு 2020இல் விலக்களித்தது அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை. மலையைக் குடைவதற்குரிய தனி இனத்தைச் சேர்க்கவும் இன்னோர் அறிவிக்கை போதும்.