பொதுச் சொத்தாம் பல்கலைக்கழகங்கள்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றே: "பிள்ளையை எங்கே சேர்ப்பது?" சென்ற ஆண்டு தாய் ஒருவர், நகையை அடகு வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் முன்பணம் கட்டிய பிறகே நம்மிடம் யோசனை கேட்டார். யோசனை முன்னும் பணம் பின்னும் ஆகவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், 1914-இல் தோன்றிய இராணி மேரி கல்லூரியும், 1840-இல் வேரூன்றிய மாநிலக் கல்லூரியும், அவற்றுக்கு அப்பால் சென்னைப் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு 1857-இல் பிறந்தது இது. கற்பிப்பது கல்லூரி, பட்டம் அளிப்பது பல்கலைக்கழகம் என்னும் முறை அன்று தொடங்கியது. இன்றும் அவ்விரு கல்லூரிகளின் பட்டங்கள் இதன் பெயராலேயே வழங்கப்படுகின்றன.

ஒரு காலத்தில் தென்னாட்டின் பெரும்பகுதிக்கு இதுவே தாய். பின்னர்ச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் எழுந்தது. வள்ளல் ஒருவர் நிறுவிய அது 2013-இல் அரசின் பொறுப்பில் வந்தது. மதுரையில் 1966-இலும், வேளாண்மைக்கெனக் கோவையில் 1971-இலும், பொறியியலுக்கெனக் கிண்டியில் 1978-இலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இலும், கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் பெயரால் அமைந்தவை 1982-இலும் வந்தன. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இலும், நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இலும் மலர்ந்தன. பட்டணம் வர வசதியற்ற பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு இவ்வாறே அருகில் வந்தது.

நிதி நெருக்கடியும் ஆசிரியர் பற்றாக்குறையும் இவற்றுள் பலவற்றை இன்று வாட்டுவதை நாம் மறைக்கவில்லை. எனினும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவையே உற்ற துணை.

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? படிப்பு முடியும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? உங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையெனில், முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். அரசுக் கலந்தாய்வு வழியே பொறியியலில் சேர்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

விளம்பரத்தின் பளபளப்பு வேறு, கல்வியின் ஒளி வேறு. அடகுக் கடைப் படியேறுமுன், அரசுக் கல்லூரியின் படியை ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.