வரவு மட்டும் எழுதும் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு எல்லாமே பேரேடுதான். நண்பன் மகனுக்கு தலசீமியா. மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். ஒரு யூனிட்டில் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு வரவு. உடம்பு தினம் செலவழிப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்! மிச்சமெல்லாம் கல்லீரலில் டெபாசிட். அப்புறம் இதயத்திலும் கை வைக்கும்.

இருப்பு பார்க்க முன்பெல்லாம் விலாவில் ஊசி குத்தி சதை எடுப்பார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. போதும். இரும்பு அதிகமானால் கல்லீரலிலிருந்து வரும் சிக்னல் சீக்கிரம் அணைந்து, படம் கறுக்கும். அணையும் வேகத்தை வைத்து அளவைக் கணக்கிடுகிறார்கள். உலர் எடையில் கிராமுக்கு 1.8 மில்லிகிராம் வரை நார்மல். 15-ஐத் தாண்டினால் வம்பு.

"ஊசி உண்டா மாமா?" என்றான் உள்ளே போகுமுன்.

"இல்லடா."

ரிசல்ட் 9. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆடிட்டைக் கும்பிடத் தோன்றியது.