யார் பரதேசி?

பாலா இயக்கி 2013இல் வெளிவந்த ‘பரதேசி’ படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர் வன்னியிலும் பலர். நாமும் விட்டோம். ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த பி. எச். டானியலின் நாவலைத் தழுவிய கதை அது. கங்காணியின் பசப்பு மொழியை நம்பி ஓர் ஊரே மலையேறுகிறது. தவணை முடிந்து வீடு திரும்பக் காத்திருப்பவன் முன்னே கணக்குப் புத்தகம் விரிகிறது; கூலி கரைந்து கடனே மிஞ்சுகிறது. அடி உதைகளைவிட அந்தக் கணக்கே எம்மை உலுக்கிற்று. மனிதனைக் கட்டிவைக்கச் சங்கிலி எதற்கு? ஒரு கடதாசி போதும் என்பதைச் சட்டம் படித்தோர் அறிவர்.

இலங்கைத் தோட்டங்களில் அக்கடதாசியின் பெயரே ‘துண்டு’. இவ்வளவு கடனைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு! 1921இலேதான் அது ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மற்றொரு கடதாசி, உழைத்தவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டனர். மாடு பிரிப்பவன்கூடக் குறியைப் பார்த்தல்லவா பிரிப்பான்!

இதற்கெல்லாம் கொழும்பைக் குற்றஞ்சாட்டுவது சுலபம், சாட்டவும் வேண்டும். ஆனால் 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த மலையகத் தமிழரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? அவர்கள் காடு வெட்டினர், கிணறு தோண்டினர். 1984இல் டொலர் பாம், கென்ற் பாம் நிலங்களிலிருந்து மறுபடியும் விரட்டப்பட்டனர். இன்று குளத்து நீர் பாயும் வயல் ஒருவர் பெயரில்; அதில் நாட்கூலிக்குக் களை பிடுங்குபவரோ மேட்டு நிலத்தில், அனுமதிப்பத்திரமும் இல்லாமல்! போதாக்குறைக்குத் ‘தோட்டக்காட்டான்’ என்ற வசை வேறு.

‘நேற்று வந்தவர்களுக்கு எதற்குக் காணி?’ என்று கேட்கும் கமக்காரர் உளர். ஐயா, இரணைமடுவின் கீழ்க் குடியேறிய தங்கள் பாட்டனாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரல்லவா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவருக்குத் தந்ததைத்தானே இவர்களும் கேட்கின்றனர்?

பழைய கதை ஒன்றையும் மறவாதிருப்போம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த நமது தேசவழமையில் அடிமைகளுக்கென்றே விதிகள் இருந்தன. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வெள்ளைக்காரன் அடிமைமுறையை ஒழித்தான்; நாமாக ஒழிக்கவில்லை.

காணி அரசினுடையது, நாம் என்ன செய்வது என்று கைவிரிக்க வேண்டாம். ஊரவர் எதிர்ப்பு இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்கும் சாட்டுச் சொல்ல வழியிராது. வரும் காலபோக விதைப்புக்கு முன், ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் பகுதியில் காணிப் பத்திரமற்ற குடும்பங்களின் பெயர்களை எழுதிச் சிபார்சு செய்து அனுப்பட்டும். மறுக்கும் அமைப்புகள் தம் காரணத்தை எழுத்தில் தரட்டும். வாங்கி வாசிக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.